கைப்பின் இரசாயனம்



“யாழ்ப்பாணத்து மூலிகைகள்” என்று தலைப்பைத் தந்து, எதைப் பற்றியும் பேசலாம் என்றார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் அவ்வளவையும் பேசப் புறப்பட்டால் அது பெயர் வாசிப்பாக முடிந்துவிடும். ஆகையால் நாக்கிலே கைக்கிற செடிகொடிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வேம்பு, நிலவேம்பு, பாவற்காய், சிறுகுறிஞ்சா, ஆடாதோடை. இவற்றோடு, மூலிகை என்று நாங்கள் யாரும் எண்ணாத பனையும் வரும். பனைக்குத்தான் கூடுதல் நேரம் எடுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கட்சியையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சலரோகத்துக்கு இன்ன இலை, முட்டுக்கு இன்ன வேர் என்ற பட்டியல் எங்களிடம் குறைவில்லாமல் இருக்கிறது. கைபேசியைத் திறந்தால் காலையும் மாலையும் வந்து விழுகிறது. கைநழுவிப் போய்க்கொண்டிருப்பது பாகம். எந்தப் பகுதியை எடுப்பது, பச்சையாகவா காயவிட்டா, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வற்ற வேண்டும், எந்தத் தண்ணீரைக் கீழே ஊற்ற வேண்டும், யாருக்குக் கொடுக்கவே கூடாது. கைப்பான செடிகளில் மருந்தும் நஞ்சும் பெரும்பாலும் ஒரே குடும்பத்து மூலக்கூறுகள். எது நம் வயிற்றுக்குள் போகிறது என்பதைத் தீர்மானிப்பது அடுப்படி.

சித்த மருத்துவம் கைப்புச் சுவையை ஆகாயமும் காற்றும் கூடியது என்று வகுக்கிறது. அழலையும் ஐயத்தையும் தணிப்பது அதன் குணம். உயிரியலாளர் இதே சுவையை வேறு வழியில் தேடிப்போய், 2000ஆம் ஆண்டில் நாக்கிலுள்ள கைப்பு வாங்கிகளின் பரம்பரை அலகுக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள். மனிதனுக்கு ஏறக்குறைய 25 வகை கைப்பு வாங்கிகள் இருக்கின்றன. இனிப்புக்கு இருப்பது ஒரே ஒரு சோடி. இந்த ஏற்றத்தாழ்வு ஏன் என்று பிள்ளைகள் கேட்க வேண்டும். சீனி எங்கிருந்து வந்தாலும் சீனிதான், அதை அடையாளம் காண ஒரு காவலாள் போதும். நஞ்சு ஆயிரம் உருவத்தில் வரும், அதற்குப் பல காவலாட்கள் தேவை. 2010இல் இன்னொரு செய்தி வந்தது: சுவாசக் குழாய்களின் தசையிலும் இதே வாங்கிகள் இருக்கின்றன, ஆய்வுகூடத்தில் கைப்பான பொருள்கள் பட்டபோது அந்தத் தசை தளர்ந்தது. முட்டுக்குக் கைப்பு மருந்து கொடுத்த பரியாரிமார் சரியென்று இதனால் நிரூபணமாகிவிட்டது எனச் சொல்ல மாட்டேன். ஆய்வுகூடத் தசைக்கும் மூச்சுத் திணறும் பிள்ளைக்கும் இடையில் நெடுந்தூரம் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள இனி முடியாது.

செடி எங்களை நினைத்து மருந்து செய்வதில்லை. தன்னைத் தின்ன வருகிறவனை விரட்டத்தான் கைக்கிறது. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிப் படையொன்று கண்ட பச்சையை எல்லாம் மொட்டையாக்கிவிட்டு வேப்பமரத்தை மட்டும் விட்டுப் போனதை ஜேர்மன் பூச்சியியலாளர் ஹைன்ரிக் ஷ்முட்டெரர் கண்டார். 1968இல் பட்டர்வேர்த், மோர்கன் என்ற இருவர் வேப்பம்வித்திலிருந்து அசாடிராக்டினைப் பிரித்தெடுத்தபோது, எந்தக் கரைசலில் பொருள் இருக்கிறது என்று அறிய வெட்டுக்கிளிகளையே பரிசோதகர்களாக வைத்தார்கள். அவை தின்ன மறுத்த கரைசல்தான் சரியான கரைசல்.

அந்த மூலக்கூறின் அமைப்பு அவ்வளவு சிக்கலானது. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லேயின் குழு 22 ஆண்டு பாடுபட்டு 2007இல்தான் அதைச் செயற்கையாகச் செய்து முடித்தது. எங்கள் முற்றத்து வேம்பு வருடா வருடம் செய்து கீழே கொட்டுகிறது. நாங்கள் கூட்டி அள்ளி எரிக்கிறோம்.

இந்தக் கைப்புப் பொருள்களுக்குள் ஓர் உறவு இருக்கிறது. ஐந்து காபன் அணுக்கள் கொண்ட ஒரு சிறு துண்டை அடிப்படையாக வைத்துச் செடி கட்டத் தொடங்குகிறது. வேலிக்குக் கிடுகு கட்டுவதுபோல ஒன்றின் தலைப்பில் மற்றொன்றின் அடியைச் சேர்த்துக்கொண்டே போகிறது. நான்கு துண்டு சேர்ந்தால் இருபது காபன். நிலவேம்பின் அண்ட்ரோகிராபோலைட்டு அந்த வகை. ஆறு துண்டு சேர்ந்தால் முப்பது. பாவற்காயின் கைப்பும் சிறுகுறிஞ்சாவின் ஜிம்னீமிக் அமிலமும் அங்கிருந்து வருகின்றன. வேம்பு முப்பதைக் கட்டிவிட்டு நான்கை வெட்டி எறிந்து, வேறு கூட்டங்களை ஒட்டிக்கொள்கிறது. பனை அதே முப்பதிலிருந்து தொடங்கி, சில காபன்களைக் கழித்து, ஸ்டீரொய்ட்டுச் சட்டகத்துக்குப் போய், அதன்மேல் சர்க்கரைகளைக் கோர்க்கிறது. தேர்ப்பீன் என்று இரசாயனவியலாளர் அழைக்கும் பெருங்குடும்பம் இது. ஆடாதோடை மட்டும் வேறு சாதி. அதில் இருப்பது நைதரசன் கொண்ட அல்கலோயிட்டு.

இதையெல்லாம் தமிழில் படிக்கலாமா என்று யோசிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘கெமிஸ்தம்’ என்ற தமிழ் இரசாயன நூல் 1875இல் அச்சாகிவிட்டது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் முடிந்த காரியத்தை இன்று முடியாதென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிறுகுறிஞ்சாவுக்கு வருகிறேன். கிறீன் இங்கு வந்திறங்கிய அதே 1847இல்தான், இந்த இலையை மென்றால் இனிப்புத் தெரியாமல் போகிறது என்ற குறிப்பு முதன்முதலில் ஆங்கிலத்தில் அச்சில் வந்தது. 1887இல் டேவிட் ஹூப்பர் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்து ஜிம்னீமிக் அமிலம் என்று பெயரிட்டார். உதகமண்டலத்தில், சிங்கோனாப் பட்டையைச் சோதிக்க மதராஸ் அரசு அமர்த்திய இரசாயனர் அவர். அடுத்த வருடமே ஆடாதோடையிலிருந்து வாசிசினையும் எடுத்தார். நாங்கள் இன்று பேசும் செடிகளில் இரண்டின் திறவுகோல் ஒரே மனிதர் கையில் இருந்தது.

இலையைச் சும்மா தின்னாதீர்கள், நன்றாக மென்று நாக்கெல்லாம் படவிட்டுத் துப்புங்கள். பிறகு ஒரு சிட்டிகை சீனியை வாயில் போடுங்கள். மணலைக் கடித்த மாதிரி இருக்கும். பனங்கட்டியைக் கடித்தால் அதன் மணமும் உவர்ப்பும் தெரியும், இனிப்பு மட்டும் இராது. இந்த மறைப்பு அரை மணித்தியாலம் அளவுக்கு நிற்கும். ஜிம்னீமிக் அமிலம் போய் ஒட்டிக்கொள்வது நான் முன்னே சொன்ன அந்த ஒரே சோடி இனிப்பு வாங்கியில்தான்.

இதில் ஒரு பயன் இருக்கிறது. சந்தையில் குறிஞ்சா என்று கட்டுக் கட்டாக விற்கிற எல்லா இலையும் சிறுகுறிஞ்சா அல்ல. பெருங்குறிஞ்சாவும் அதே பெயரில் வருகிறது. அது வேறு பேரினத்துக் கொடி, வறைக்கு நல்ல இலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சலரோகத்துக்கென்று வாங்குகிறவர் சீனியை வைத்துச் சோதித்துப் பார்க்கட்டும். இனிப்பை மறைக்காத இலையில் ஜிம்னீமிக் அமிலம் இல்லை, அல்லது போதிய அளவில் இல்லை.

நோயாளருக்கு என்ன பயன் என்று கேட்டால், சென்னைப் பல்கலைக்கழகத்தில் சண்முகசுந்தரம் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்ல வேண்டும். இன்சுலின் தேவைப்படாத 22 நோயாளருக்கு, அவர்கள் எடுத்துவந்த மாத்திரையோடு, நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் சிறுகுறிஞ்சாச் சாற்றுச்சத்தை 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். குருதியில் சீனி குறைந்தது, சிலருக்கு மாத்திரையின் அளவையே குறைக்க முடிந்தது. நல்ல செய்திதான். ஆனால் வெறும் மாத்திரை கொடுத்துத் திருவுளச்சீட்டு முறையில் ஒப்பிட்ட ஆய்வல்ல அது. அளந்து செய்த சாற்றுச்சத்துக்கும் வீட்டு வறைக்கும் இடையில் வேறுபாடு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. மாத்திரையோடு சேர்த்து இலைச்சாறும் குடிக்கிறவருக்குச் சீனி வேண்டிய மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடலாம். குடிக்கிறவர் அதைத் தன் டொக்டருக்குச் சொல்ல வேண்டும். பயத்திலோ வெட்கத்திலோ சொல்லாமல் விடுகிறார்கள்.

பாவற்காய் இதே கதையை இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது. 1981இல் இங்கிலாந்தில் ஒன்பது சலரோகக்காரரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. தண்ணீரில் எடுத்த பாவற்காய்ச் சாறு குளுக்கோசுப் பரிசோதனையில் தெளிவாக வேலை செய்தது. பொரித்த பாவற்காயைத் தினமும் சாப்பாட்டோடு சாப்பிட்டபோது முன்னேற்றம் இருந்தது, ஆனால் சிறிது. 1986இல் கொழும்பில் வெலிஹிந்த, கருணாநாயக்க, ஷெரிப் முதலியோர் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 73 பேரில் பலன் தெரிந்தது, மற்றவர்களில் தெரியவில்லை. பிற்காலத்தில் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்த கொக்ரேன் மதிப்பீடு, பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. ஏன் இந்தக் குழப்பம்? ஒருவர் காயை எடுத்தார், ஒருவர் வித்தை எடுத்தார், ஒருவர் பொடி, ஒருவர் சாறு. பெயர் ஒன்று, பாகம் பல.

இப்போது எங்கள் குசினிக்குள் வாருங்கள். பாவற்காயை வட்டமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி, சற்று நேரம் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிழிந்து, அந்தப் பச்சைத் தண்ணீரை வாழையடியில் ஊற்றிவிட்டுத்தான் சட்டியில் போடுகிறோம். உப்பு காயின் கலங்களிலிருந்து தண்ணீரை இழுக்கிறது, கரையக்கூடிய கைப்பும் அதோடு வெளியே வருகிறது. கறிக்கு இது நல்ல பாகம். மருந்தென்று நினைத்துச் சாப்பிடுகிறவர் மட்டும், மருந்து வாழைக்குப் போய்விட்டதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வித்தையும் சும்மா அரைத்துக் குடிக்காதீர்கள். அதில் வைசின் என்ற பொருள் இருக்கிறது. குருதிச் செங்கலங்களில் ஜி6பிடி என்ற நொதியம் பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு, இந்த வைசினைக் கொண்ட பாக்கிளாவரை என்ன செய்கிறதென்று மத்தியதரைக்கடல் நாடுகள் நன்றாக அறியும். அவர்களுடைய செங்கலங்கள் உடைந்துவிடும்.

ஆடாதோடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலையை அனலில் வாட்டி, துவண்டதும் கசக்கிப் பிழிந்து, அந்தக் கரும்பச்சைச் சாற்றோடு தேன் கலந்து கொடுப்பது எல்லோருக்கும் தெரிந்த இருமல் மருந்து. இதிலுள்ள வாசிசினின் அமைப்பை முன்மாதிரியாக வைத்து உருவாக்கிய புரோம்ஹெக்சின் 1963இல் விற்பனைக்கு வந்தது. சளியை இளக்க டொக்டர்மார் எழுதும் அம்புரொக்சோல் அதன் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் எந்த மருந்துக்கடையிலும் போத்தலில் வாங்கலாம். ஆடாதோடையைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட்டு அந்தப் போத்தலை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் வாசிசின் கருப்பையையும் சுருங்கச் செய்யும். 1970களில் ஜம்முவிலிருந்த பிராந்திய ஆய்வுகூடம் இதை விரிவாக ஆராய்ந்தது. இருமுகிறவள் பிள்ளைத்தாய்ச்சி என்றால் ஆடாதோடை வேண்டாம். எந்தக் கைபேசிச் செய்தியிலும் இந்த வரியை நான் காணவில்லை.

நிலவேம்பின் அண்ட்ரோகிராபோலைட்டு தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. அதனால்தான் நீண்ட நேரம் கொதிக்கவைத்து வற்றச் செய்வது. தமிழ்நாட்டில் டெங்குக் காலங்களில் அரசு வழங்கிய நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு மட்டும் இல்லை. வெட்டிவேர், விலாமிச்சம்வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பர்ப்பாடகம், மிளகு, நாங்கள் வேர்க்கொம்பு என்கிற சுக்கு எல்லாம் சேர்ந்து ஒன்பது சரக்கு. செடி ஒன்றைப் பிடுங்கி வெந்நீரில் முக்கிவிட்டு அதே பெயரைச் சொல்வது, வெறும் புளித்தண்ணியை இரசம் என்பதற்குச் சமம்.

வேம்பில் ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்கிறேன். சித்திரையில் மரத்தடியில் சேலை விரித்துப் பூவைச் சேர்த்து, உழுந்தும் வெங்காயமும் செத்தல்மிளகாயும் கூட்டித் தட்டி வெயிலில் காயவைத்த வடகம் பொரிகிற மணத்துக்கு ஈடு எனக்குத் தெரியாது. அது பூ. வித்திலிருந்து எடுக்கிற எண்ணெய் வேறு. 1942இல் சலிமுஸ்ஸமான் சித்திக்கி அந்த எண்ணெயிலிருந்துதான் நிம்பின் முதலியவற்றைப் பிரித்தார். பூச்சுக்கு அது நல்லது. மலேசியாவில் தமிழ்க் குடும்பங்கள் சில, கைக்குழந்தைகளுக்குத் தடிமனுக்கென்று வேப்பெண்ணெயைப் பருக்கியிருந்தன. குழந்தைகளுக்கு வாந்தியும் வலிப்பும் வந்து, மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை 1981இல் சின்னையா, பாஸ்கரன் என்ற இருவர் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். அந்தத் தாய்மார் கொண்டுபோனது ஊரில் கேட்ட பெயரை. அளவும் வயதும் கூடப் போகவில்லை.

இனிப் பனை. பனம்பழத்தில் சில மரத்துப் பழம் இனிக்கும், சிலது காறும். பினாட்டுக்குப் பழம் பொறுக்குகிறவர்களுக்கு எந்த மரம் எதுவென்று தெரியும். அந்தக் காறலுக்குக் காரணம் பிளபெலிபெரின்கள் என்ற ஸ்டீரொய்ட்டுச் சபோனின்கள். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எரொல் ஜான்ஸும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்தார்கள். ஸ்டீரொய்ட்டுச் சட்டகத்தில் குளுக்கோசும் ராம்னோசும் கோர்த்திருக்கின்றன. நரிஞ்சினேசு என்ற நொதியத்தால் ஒரு ராம்னோசை வெட்டிவிட்டால் கைப்புப் போய்விடுகிறது. ஒரு சர்க்கரையைக் கழற்றினால் கைப்பு நீங்குகிறது என்பதைக் கவனியுங்கள். நாக்கு அவ்வளவு நுட்பமாகக் கணக்குப் பார்க்கிறது. இதே பிளபெலிபெரின்கள் சுண்டெலிகளின் குடலில் குளுக்கோசு உள்ளே ஏறுவதைக் குறைத்தன என்பதும் அவர்கள் கண்டது.

பழத்தைவிடக் கிழங்கு கவனத்துக்குரியது. பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். 1971இல் பேராதனையில் அர்சகுலரத்ன முதலியோர் ஒடியல் மாவை எலிகளுக்குத் தீனியாகக் கொடுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஈரலிலும் குருதிக் குழாய்களிலும் நிணநீர் இழையங்களிலும் சேதம் தெரிந்தது. நரம்பை வருத்தும் தன்மையும் அதில் உண்டு என்று பின்வந்த ஆய்வுகள் சொல்லின, சூடாக்கினால் அந்த நரம்பு நஞ்சு நீங்குகிறது என்றும் சொல்லின. எங்கள் ஊரில் சிலருக்கு இந்த ஆய்வுகளின் பெயரைக் கேட்டாலே கோபம் வரும். பரம்பரை பரம்பரையாகக் கூழ் குடித்த சனத்தைப் பார்த்து நஞ்சு குடித்தீர்கள் என்கிறார்களே என்று. எனக்குக் கோபம் இல்லை. எலி தின்ற மாவுக்கும் நாங்கள் குடித்த கூழுக்கும் நடுவில் ஒரு பாகம் இருக்கிறது.

அதை அருகில் இருந்து பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர். ஒடியல் மாவை அப்படியே சட்டியில் கொட்டுவதில்லை. முதலில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் நிறைய விட்டுக் கரைத்து வைக்கிறோம். மா அடியில் படியும், மேலே தண்ணீர் மங்கலாக, மெல்லிய நுரையோடு நிற்கும். அந்தத் தண்ணீரை விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தால் காறும். பாத்திரத்தை மெல்லச் சரித்து அதை ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணீர் விடுகிறோம். காறல் போகும்வரை இதுதான். பிறகுதான் மீனும் நண்டும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் கொதிக்கிற பானையில் அந்த மா போகிறது, புளியும் செத்தல்மிளகாயும் சேர்ந்து வேகிறது. பிட்டுக்கும் ஊறவைத்துப் பிழிந்துதான் அவிக்கிறோம். தண்ணீரில் கரைவது தண்ணீரோடு போகிறது, சூட்டில் சிதைவது அடுப்பில் போகிறது. ஆய்வுகூடத்தில் இதைப் பிரித்தெடுப்பு, வெப்பப் பரிகரிப்பு என்று எழுதுவோம். ஆச்சிமார் நாக்கையே அளவுகோலாக வைத்துச் செய்தார்கள்.

ஆனால் அவசரக்காரருக்காக மாவைப் பொதி செய்து விற்கும்போது, ‘கரைத்துக் கொதிக்கவிடவும்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டால், ஊற்றிவிட வேண்டிய தண்ணீர் கூழுக்குள் போய்விடுகிறது. வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைக்கு அந்தத் தண்ணீரைப் பற்றி யார் சொல்வது?

யாழ்ப்பாண அரசர் காலத்துப் பரராசசேகரமும் செகராசசேகரமும் வைத்தியத்தைப் பாட்டில் கட்டி வைத்தன. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை தேடிச் சேர்த்து அச்சேற்றாவிட்டால் இன்று எங்கள் கையில் இராது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது எத்தனை வைத்திய ஏடுகள் போயின என்ற கணக்கை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒடியல் தண்ணீரை ஊற்றுகிற பாகம் எந்த ஏட்டிலும் ஏறத் தேவைப்படாத, வாய்வழியாகவே வந்த அறிவு. அதை எரிக்க நெருப்பும் வேண்டியதில்லை.

கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதே ஊரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சித்த மருத்துவம் கற்பிக்கும் இடமும் சித்த போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. முதல் தண்ணீரில் எவ்வளவு கழிகிறது, மூன்றாம் தண்ணீரில் எவ்வளவு மிஞ்சுகிறது, எங்கள் கிணற்றுச் சுண்ணாம்புத் தண்ணீர் அதில் ஏதாவது வேறுபாடு செய்கிறதா என்பதெல்லாம் அவர்களால் துல்லியமாக அளக்கக்கூடியவை. உயர்தரத்தில் இரசாயனம் படிக்கிற பிள்ளைகளும் ஒரு பருமட்டான சோதனையைத் தொடங்கலாம். ஒவ்வொரு முறையும் ஊற்றும் தண்ணீரை வடித்து, ஒரே அளவான மூடிப் போத்தல்களில் பாதிக்கு விட்டு, ஒரே நேரம் குலுக்கி, நிமிர்த்தி வையுங்கள். சபோனின் இருந்தால் நுரை நிற்கும். பத்து நிமிடம் கழித்து நுரையின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள். நஞ்சின் அளவை இது சொல்லாது, சபோனின் குறைந்துகொண்டு போகிறதா என்பதை மட்டும் காட்டும். மாவுக்குத் தண்ணீர் எத்தனை பங்கு, எவ்வளவு நேரம் ஊறியது என்பதைப் போத்தலிலேயே ஒட்டிவிடுங்கள். தண்ணீரை எப்போது மாற்றுவது என்று தெரியாவிட்டால் வீட்டில் ஆச்சியைக் கேளுங்கள், அவர் சொன்னதையும் அதே கொப்பியில் எழுதுங்கள்.